உழைப்பால் உயர்ந்த எட்டு வீடுகள்

மனிதகுலம் எத்தனையோ கடின உழைப்பாளிகளைக் கண்டிருக்கிறது. சுரங்கம் தோண்டியவர்கள் உண்டு, மலையைக் குடைந்தவர்கள் உண்டு. ஆனால் எட்டு வாடகை வீடுகளை வைத்தே தன் குடும்பத்தைத் தலைநிமிர்த்திய நம் ஓனர் ஐயாவின் பக்கத்தில் நிற்க அவர்களில் ஒருவருக்கும் தகுதி கிடையாது.

அவருடைய உழைப்பு காலை ஏழு மணிக்குத் தொடங்கும். மாடிப்படி ஏறுவார், இறங்குவார். நடுவில் ஒவ்வொரு கதவையும் தட்டி, "தண்ணிய வீணாக்காதீங்க" என்பார். மகன் 'நிர்வாக இயக்குநர்'. சாவிக்கொத்து அவன் இடுப்பில்தான் தொங்கும். எந்தச் சாவி எந்த வீட்டுக்கு என்பது மட்டும் தெரியாது. அது 'கீழ்மட்ட வேலை'. யார் வீட்டுக்கு யார் விருந்தாளி, எத்தனை நாள் தங்கல் என்கிற 'கண்காணிப்புப் பிரிவு' ஓனரம்மாவின் ஜன்னலில் இயங்கியது.

இந்த மாபெரும் நிறுவனத்தின் முதுகெலும்பு ஒரு 'வளர்ச்சித் திட்டம்'. கண்டுபிடித்தவர் ஓனர், அனுபவித்தவர் ஒரு தச்சர். எட்டு வருஷத்துக்கு முன் மனைவியும் கைக்குழந்தையுமாகக் கீழ்வீட்டுக்குக் குடிவந்தார். கூரை ஒழுகும், கதவு சாத்தாது.

"உங்க செலவுல என்ன வேணா பண்ணிக்கோங்க தம்பி. நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்றார் ஓனர், பெருந்தன்மையாக.

தச்சர் ஒழுகலை அடைத்தார், கதவை இழைத்தார், அலமாரி அடித்தார். வீடு பளிச்சென்று ஆனது. ஓனர் வந்து பார்த்துக் கண்கலங்கினார்.

"அடடா! இவ்வளவு நல்ல வீட்டுக்குப் பழைய வாடகையே குடுத்தா உங்க மனசே உறுத்தாதா தம்பி?"

மனசு உறுத்தியதோ இல்லையோ, புது வாடகை கட்டுப்படியாகவில்லை. அதற்காக ஓனர் ஒரு குடும்பத்தை நடுத்தெருவில் விடுகிற ஆளா? பக்கத்திலேயே ஒழுகுகிற இன்னொரு வீடு பழைய வாடகைக்குக் காத்திருந்தது. இப்படியே ஏழு வீடு. தச்சர் மூட்டை கட்டக் கட்ட, ஓனர் மளமளவென்று முன்னேறினார்.

எட்டாவது, மொட்டை மாடி வீடு. சாமான் ஏற்றும்போதே தச்சரின் மனைவி சொல்லிவிட்டார்: "இதான் கடைசி. பாப்பா ஒரு இடத்துல உக்காந்து படிக்கணும். இனிமே ஒரு டம்ளரக்கூட நான் மூட்டை கட்ட மாட்டேன், ஆமா."

தச்சர் ஜன்னலோரம் மகளுக்கு ஒரு மேஜை செய்தார்.

அந்தச் சமயத்தில்தான் வீட்டு உரிமையாளர் சங்கம் ஓனருக்கு 'உழைப்பால் உயர்ந்த குடும்பம்' விருதை அறிவித்தது. படம் எடுக்க வந்த போட்டோகிராபர், "கையில ஏதாவது வேலை சாமான் இருந்தா நல்லாருக்கும் சார்" என்றார். தச்சரின் பெட்டி கீழே வந்தது. ஓனர் இழைப்புளியைத் தலைகீழாகப் பிடித்துப் புன்னகைத்தார். தச்சர் ஓடிப்போய் அதை நேராக்கிக் கொடுத்தார்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் தள்ளிக்கோங்க. உங்க நிழல் விழுது" என்றார் போட்டோகிராபர்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் ஓனர் மாடிக்கு வந்தார். மேஜையைப் பார்த்தார். கண்கலங்கினார். அந்தக் கண்ணீரைக் கண்டதும் தச்சரின் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எட்டு வீடும் முடிஞ்சிருச்சேன்னு கவலைப்படாதீங்க தம்பி. மோட்டார் ரூம் காலியாத்தான் இருக்கு. கொஞ்சம் கைவேலை பண்ணா அரண்மனை!"

"விழாவுக்குப் போய்ட்டு வாங்க சார். ஒரு முடிவு பண்றோம்" என்றார் தச்சர்.

விழாவில் ஓனர் "உழைப்பு! உழைப்பு! உழைப்பு!" என்று மூன்று முறை முழங்கி, களைத்துப்போய் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார். கேடயத்தோடு வீடு திரும்பினால், மொட்டை மாடி காலி. ஏழு வீட்டில் ஆணி அடித்த மனுஷன் எட்டாவதில் மட்டும் எல்லாவற்றையும் திருகாணியில் மாட்டியிருந்தார். அலமாரி, மேஜை, கதவு எல்லாம் கழன்று வேறு தெருவுக்குப் போயிருந்தன. பழைய கதவை மட்டும் நேர்மையாக அதே இடத்தில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். அது சாத்தவில்லை.

போகட்டும், கேடயத்தையாவது கூடத்தில் மாட்டலாம் என்றார் ஓனர். நிர்வாக இயக்குநர் சுத்தியலை ஓங்கித் தன் கட்டைவிரலில் அடித்தான். ஓனர் அடித்ததில் சுண்ணாம்பு பெயர்ந்து, ஆணி ஓனரம்மாவின் காலடியில் விழுந்தது. உழைப்பால் உயர்ந்த குடும்பம் மொத்தமும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. கடைசியில் ஓனர் போனை எடுத்தார்.

"தம்பி, ஒரே ஒரு ஆணி..."

"தாராளமா அடிச்சுத் தரேன் சார். ஆனா நான் கை வெச்சா உங்க வீடு நல்லாயிடுமே. அப்புறம் நீங்க மோட்டார் ரூமுக்கில்ல போகணும்?"