தம்மை விட்ட மாஸ்டர்

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே மூச்சு விடுவதைக் கெட்ட பழக்கமாகக் கருதிய ஒரே மனிதர் எங்கள் தம் மாஸ்டர்தான். பஸ் கண்டக்டராக ஓய்வுபெற்ற கையோடு, கந்தர்வக்கோட்டையில் முந்திரிக்கொட்டை அடைத்திருந்த ஒரு தகரக் கொட்டகையில் ஜிம் திறந்தார். சுவரில் அவரே பெயிண்டால் எழுதிய ஒரே பாடம்: 'தம் கட்டு!'

அவர் எடை தூக்கும் அழகே தனி. கன்னம் உப்பும், கழுத்து நரம்பு புடைக்கும், முகம் பழுத்த மிளகாய் ஆகும். பத்து முறை ஏற்றி இறக்கிய பிறகுதான் 'புஸ்' என்று காற்று வெளியே வரும். நடுவில் நாங்கள் யாராவது மூச்சு விட்டால் தொலைந்தோம்.

"என்னங்க சார், அதுக்குள்ள பஞ்சரா? நீங்கள்லாம் எப்புடித்தான் பள்ளிக்கூடத்துல புள்ளைகள மேய்க்கிறீங்களோ!"

அந்த சார் அடியேன்தான். கணக்கு வாத்தியார். அங்கே தும்முவதற்குக்கூட அனுமதி கேட்டவன்.

ஒருநாள் ஸ்கூட்டரில் போன மாஸ்டர், பக்கவாட்டில் வந்த ஆடு தெரியாமல் இடித்து விழுந்தார். தப்பு ஆட்டின் மேல்தான் என்று ஒரு வாரம் சாதித்தார். நான் விடவில்லை. புதுக்கோட்டையில் ஒரு கண் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனேன். தனியாக உள்ளே போனவர் கொதித்துப்போய் வெளியே வந்தார்.

"கண்ணுல பிரஷராம். சொட்டு மருந்து குடுத்தாங்க, சரி. ஜிம் வச்சிருக்கேன்னு பெருமையாச் சொன்னா, 'தம்மை விட்டுருங்க'ன்னு சொல்றாங்களே, அடுக்குமா? பஸ்ல பீடி குடிச்சவன எல்லாம் பாதி வழியில எறக்கிவிட்டவன்ங்க நான்!"

அந்தக் கோபத்தில், பீடிப் புகை வரும் டீக்கடைப் பக்கத்து ஜிம் ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தார். தன் நுரையீரல் சுத்தமானது என்று ஊருக்குக் காட்ட, பத்து முறைக்குக் கட்டிய தம்மைப் பதினைந்தாக உயர்த்தினார்.

இரண்டு மாதம் மருந்து தவறாமல் போட்டும் பிரஷர் போதுமான அளவு இறங்கவில்லை. இந்தமுறை நானும் கூடவே உள்ளே போனேன்.

"தம்மை விட்டீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"தொட்டதே இல்லீங்களே!"

"எடை தூக்கறப்ப மூச்ச எப்ப விடுறீங்க?"

"மூச்சா? அத எதுக்குங்க விடணும்?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எனக்கோ ஆர்வம் தாங்கவில்லை. நெஞ்சில் பிடிக்கிற மூச்சுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று நானே கேட்டேன்.

"தம் கட்டி முக்குறப்ப நெஞ்சுல அழுத்தம் ஏறும். தலையிலேருந்து ரத்தம் சரியா எறங்காது. அதுல கண்ணுக்குள்ளயும் அழுத்தம் கூடும். நான் சொன்னது இந்தத் தம்முங்க! கண் நரம்பு ஏற்கெனவே நொந்திருக்கு. போன பார்வை திரும்பாது. மருந்த விட்டுராதீங்க, எடையக் கொறைங்க, தூக்கறப்ப மூச்ச வெளிய விடுங்க."

திரும்பும் பஸ்ஸில் மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். "இருக்குறதாவது நிக்குமா சார்?" என்று ஒரு தடவை கேட்டார்.

ஆனால் தொட்டில் பழக்கம் லேசில் போகுமா? கம்பியைத் தொட்டாலே அவர் வாய் தானாக மூடிக்கொண்டது. கடைசியில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது.

"மாஸ்டர், சத்தமாப் பேசிக்கிட்டே மூச்சப் புடிக்க முடியாதுல்ல? பழையபடி ஸ்டாப் பேரச் சொல்லித் தூக்குங்க."

அவ்வளவுதான், கண்டக்டர் விழித்துக்கொண்டார். ஒரு தூக்கலுக்கு ஒரு ஊர். "புதுக்கோட்டேய்ய்... பெருங்களூர்ர்... ஆதனக்கோட்டேய்ய்..." ஒருநாள் கட்டைப்பையோடு ஓர் அம்மா உள்ளே ஓடிவந்து, "தஞ்சாவூர் போகுமாங்க?" என்று கேட்டார்.

இன்றும் சில நாள் பழைய ஞாபகத்தில் ஆதனக்கோட்டையோடு குரல் நின்றுவிடும். முகம் சிவக்கும். நான் என் எடையைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்ப்பேன். 'கந்தர்வக்கோட்டேய்' என்று அவர் வாயிலிருந்து வரும்வரை தம் கட்டிக்கொண்டு நிற்பவன் நான்தான்.