குரங்குகள் ஊரில் ஐயாக்கண்ணு குடியேறியது

அன்பும் பொறுமையும் மிகுந்த மாப்பிள்ளை பிரபாகர் அவர்களுக்கு,

ஏற்காட்டு மலை வெள்ளக்கடையிலிருந்து உங்கள் மாமனார் ஐயாக்கண்ணு எழுதுவது. சேர்வராயன் சாமி தயவில் நான் இங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறேன். சேலத்தில் நீங்களும் வெண்ணிலாவும் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். உங்கள் அத்தை புஷ்பலதாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசாமல் இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பீர்கள். என் போன் இப்போது பலாமரத்தின் உச்சியில் இருக்கிறது. கொண்டுபோனது யார் என்பதைப் பிறகு சொல்கிறேன், முதலில் நன்றி. சுளுக்கிய காலோடும் சுளுக்காத வாயோடும் வந்து இறங்கிய மாமியாரை ஏன், எதற்கு என்று கேட்காமல் வைத்துப் பார்த்துக்கொள்கிறீர்களே, இந்த மனசு யாருக்கு வரும்? என் மகளை உங்களுக்குக் கொடுத்ததில் நான் செய்த ஒரே தவறு, இன்னும் கொஞ்சம் சீக்கிரமாகக் கொடுக்காததுதான்.

அத்தை தன் பக்கக் கதையைச் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கேளுங்கள். நூற்பாலையில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் மலைமேல் ஒரு வீடு வாங்கினால் என்ன செய்வான்? முதலில் முள்கம்பி வேலி போட்டேன். பிறகு கேட். கேட்டின் மேல் 'புஷ்பலதா இல்லம்' என்று பலகை. கொய்யா பழுத்தது. எங்கள் ஸ்டோரில் ஒரு நட்டு கூடக் கணக்கில் தவறவிட்டதில்லை என்ற பெருமையில், உச்சி வரை ஏறி ஒரு பழம் விடாமல் பறித்து, பெட்டி பெட்டியாகக் கட்டி உறவுக்கெல்லாம் அனுப்பினேன். உங்களுக்கும் வந்திருக்கும். அப்போது பக்கத்துத் தோட்டத்து ராசாத்தி வேலி ஓரமாக வந்து நின்றாள். அவள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இந்த மலையில் விவசாயம் செய்கிறது.

"ஏனுங்ணா, உச்சிக் கொப்பையும் பறிச்சுப் போட்டீங்களா? அது கொரங்குக்கு உடறதுங்க."

"பத்திரத்துல கொரங்குக்குப் பங்குன்னு எழுதலீங்களே அம்மிணி" என்றேன்.

"அதுங்களுக்குப் பத்திரம் படிக்கத் தெரியாதுங்களே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தெரியத்தான் இல்லை. மரத்தில் ஒன்றும் கிடைக்காததால் கூட்டமாகச் சமையலறைக்கே வந்துவிட்டன. இட்லி மாவைக் குடித்தன, குடித்தது போக மீதியைச் சுவரில் பூசின. அத்தையின் மூக்குக்கண்ணாடியைக் கொண்டுபோய்க் கூரைமேல் வைத்தன. புகார் கொடுக்க ஆதாரம் வேண்டுமே என்று நான் ஒரு பெரிய கடுவன் குரங்கைப் போட்டோ எடுக்கப் போனேன். கை நீட்டியது, போன் கை மாறிவிட்டது. அதன்பிறகு அது என்னைப் போட்டோ எடுத்ததா என்பது தெரியாது. பட்டாசு வெடித்தேன், வேடிக்கை பார்க்க இன்னொரு கூட்டம் வந்தது. கடைசியில் யாரோ சொன்னார்களே என்று துணியில் செய்த புலி பொம்மை ஒன்றை வாங்கிவந்து வாசலில் உட்கார வைத்தேன். குரங்குகள் அதற்குப் பேன் பார்த்தன. பயந்தது அத்தை ஒருத்திதான். காலையில் பனிமூட்டத்தில், கண்ணாடியும் இல்லாமல், கோலம் போட வாசலுக்கு வந்தவள் எதிரே புலியைப் பார்த்து அலறி விழுந்தாள். கால் சுளுக்கிக்கொண்டது. ஜீப்பில் ஏறும்போது, "இந்த ஊட்ல நீங்களும் உங்க கொரங்கும் குடித்தனம் பண்ணுங்க!" என்றாள். அதன்பிறகு என்னிடம் பேசவில்லை.

தனியாக இருக்கும்போது மனுஷனுக்கு யோசனை வந்துவிடுகிறது, மாப்பிள்ளை. ஜன்னலில் கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது. குஞ்சு பறந்ததும் விட்டுப் போய்விட்டது, பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகவில்லை. காட்டெருமை காப்பித் தோட்டத்துக்குள் நடந்து மறுபக்கம் போய்விடுகிறது, எல்லைக் கல் நடவில்லை. எறும்பு மட்டும் கொஞ்சம் நம் குணம்தான். சர்க்கரை டப்பாவில் புகுந்து, சொந்தபந்தத்தைக் கூட்டிவந்து, முட்டையோடு குடியேறிவிட்டது. ஆனாலும் டப்பாவின்மேல் பெயர்ப்பலகை மாட்டவில்லை. நாம்தான் பாலைவனம், பனிப்பாறை என்று ஒன்று விடாமல் போய் வீடு கட்டி, போதாமல் நிலாவிலும் இடம் பார்க்கிறோம். போன இடத்தில் ஏற்கெனவே இருப்பதைப் பார்த்து, 'இது எங்கிருந்து வந்து தொலைத்தது?' என்று வேறு கேட்கிறோம். நானும் அப்படித்தான் கேட்டேன். அந்தக் கடுவனும் என்னைப் பார்த்து அதையேதான் கேட்டிருக்கும்.

ஆகவே திருந்திவிட்டேன். பலாவில் உச்சியில் இருப்பதை நான் தொடுவதில்லை. குரங்குகள் அங்கேயே தின்றுவிட்டுப் போகின்றன, சமையலறைப் பக்கம் வருவதே அபூர்வம். ராசாத்தியிடம் நன்றி சொல்லி, "எவ்வளவு பெரிய தத்துவமுங்க" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். "தத்துவமெல்லாம் இல்லீங்ணா. எங்க ஊட்டுக்காரருக்கு ஒசரம்னா தல சுத்துமுங்க. அதான் கொரங்குக்குன்னு உட்டுப் பழகிட்டோம்." இருக்கட்டுமே, பலன் ஒன்றுதானே. அவள் எனக்குக் களியும் குழம்பும் கொடுத்து அனுப்புகிறாள். ஏற்காடு பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ரஹமத்துல்லா பாய் அரிசி பருப்பைத் தன் வண்டியிலேயே கொண்டுவந்து இறக்குகிறார். இவர்கள் இல்லாவிட்டால் நான் என்றைக்கோ அந்த எறும்புகளோடு டப்பாவில் சேர்ந்திருப்பேன்.

ஆனால் புஷ்பலதா இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். நீங்கள் சொன்னால் கேட்பாள், எடுத்துச் சொல்லி அனுப்பிவையுங்கள். இதில் உங்கள் நன்மையும் இருக்கிறது. பாய் சாமான் இறக்க வந்தபோது அவர் போனில் வெண்ணிலாவிடம் இரண்டு நிமிஷம் பேசினேன். உங்கள் சமையலறையில் உப்பு ஜாடி இடம் மாறிவிட்டதாம், அடுப்பே திசை திரும்பிவிட்டதாம், பால்கனி முழுக்கத் துணிக்கொடி கட்டியாகிவிட்டதாம், டிவி ரிமோட் இப்போது அத்தையின் தலையணைக்குக் கீழே இருக்கிறதாம். குடியேறும் குணத்தைப் பற்றி மேலே எழுதியிருப்பதை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுச் சீக்கிரம் ஆவன செய்யுங்கள்.

நீங்களும் வெண்ணிலாவும் உங்கள் வீட்டில் உங்கள் இஷ்டப்படி, நீண்ட காலம், தாராளமாகக் கைகால் நீட்டி வாழ வேண்டும் என்று மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
நன்றி மறவாத மாமனார்,
ஐயாக்கண்ணு

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட ஏற்காடு வந்தேன். ரஹமத்துல்லா பாய் கடையில் நிற்கும்போதே அவர் போனுக்கு வெண்ணிலா எண்ணிலிருந்து அழைப்பு. பேசியது உங்கள் அத்தை. "ஏனுங்க, சாப்டீங்களா?" என்றாள். அவ்வளவுதான், கடை வாசல் என்றும் பாராமல் அழுதுவிட்டேன். பாய் டீ வாங்கிக் கொடுத்தார். "மேல வந்துரு புஷ்பா" என்றேன். "நா எதுக்கு வரோணும்? நீங்க இங்க வந்துருங்க. எடம் நொம்பக் கெடக்குது. முன்னாடி ரூம்புல கம்ப்யூட்டரை வெச்சுக்கிட்டு மாப்பிள்ளை ஒத்தையாத்தான் உக்கோந்திருக்கறாரு. நம்ம கட்டலைத் தாராளமாப் போடலாம். அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு, தங்கமான மனுசன்." நான் உடனே சம்மதித்துவிட்டேன். வீட்டைக் குரங்குகளுக்கே விட்டுவிட்டு, இந்த வாரக் கடைசியில் கட்டில், பீரோவோடு ஜீப்பில் வந்து இறங்குகிறேன். உங்கள் மேஜைக்கு மாடிப்படிக்குக் கீழே அத்தை இடம் பார்த்துவிட்டாளாம். மற்ற நன்றிகளை நேரிலேயே சொல்கிறேன், இனிமேல் தினமும் பார்த்துக்கொள்ளத்தானே போகிறோம்.