ஏட்டையாவுக்கு என் சட்டை மேல் ஒரு கண்

தென்காசியில் எங்கள் தெருவில் எவருடைய சட்டையும் நிம்மதியாகப் பழசாக முடியாது. காரணம் ஏட்டையா. போலீஸில் இருந்த வரைக்கும் திருடனைத் துரத்தினார். ஓய்வு பெற்றதிலிருந்து துணியைத் துரத்துகிறார். ஊரார் உடுத்திய சட்டை, சேலை, சாரம் எல்லாவற்றையும் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, போர்வையாக்கி நண்பர்களுக்குக் கொடுப்பார். யாரிடம் போய்ப் புகார் சொல்வது? அவரே போலீஸ்.

துணி கேட்பதும் விசாரணை மாதிரிதான் இருக்கும்.

"இந்தச் சட்டைய எப்பம் எடுத்தீரு?"

"போன தீவாளிக்கு, ஏட்டையா."

"பொய் சொல்லாதியும். காலர் வேற சொல்லுதே!"

ஒருமுறை குற்றாலத்தில், ஐந்தருவியில் குளிக்கப் போன வெளியூர்க்காரர் ஒருவர் பூப்போட்ட சட்டையைக் கம்பியில் மாட்டிவிட்டுப் போனார். ஏட்டையா அதன் முன்னால் காவலுக்கு நின்றுவிட்டார். சட்டைக்காரர் ஈரத்தோடு திரும்பியதும், "தம்பி, இது ஒம்ம சட்டைதானா?" என்றார். அந்தக் குரலைக் கேட்டவர், "இல்லைங்க சார்" என்று சொல்லிவிட்டு இடுப்புத் துண்டோடு வேனில் ஏறிவிட்டார். ஏட்டையாவுக்கு ஒரே வருத்தம். "நின்னு பேசியிருந்தா புதுச் சட்டை வாங்கிக் குடுத்திருப்பேம்லா" என்று ஊர் வந்து சேரும்வரை புலம்பினார். சட்டையும் கூடவே ஊர் வந்து சேர்ந்தது.

போர்வைக்கு டிசைன் போடுவது கோலப்பொடியில். மதினி, அதாவது அவர் மனைவி, காலையில் போட்ட கோலத்தை அழித்துவிட்டு, வாசலில் கட்டம் கட்டமாக ஏட்டையா இழுப்பார். சாரல் வந்து கரைத்துவிட்டால் அந்த டிசைன் சரியில்லை என்று அர்த்தமாம். சீசன் நேரத்தில் தென்காசியில் எந்த டிசைன் தேறும்? "இவுகளுக்கு ரிட்டையர்மெண்ட் குடுத்தது கவர்மெண்டு, தண்டனை எனக்கு" என்பார் மதினி.

நான் எதிர்வீடு. ஏட்டையாவின் ஊசிக்கு நூல் கோத்துக் கொடுப்பவன் நான். கேட்பதற்கு முன்பே சட்டையைக் கழற்றிக் கொடுத்தவனும் நான். என்றாவது எனக்கும் ஒரு போர்வை வரும் என்ற நப்பாசைதான். ஆனால் அவர் தைக்க உட்கார்ந்தது வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவருக்கு. எப்போதோ பஸ்ஸில் பழக்கமான எலுமிச்சை வியாபாரி. பை நிறையப் பழத்தோடு அவர் வந்தால் ஏட்டையா பல் தெரியச் சிரிப்பார். என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததே கிடையாது. எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் பழத்திலேயே ஜூஸ் போட்டுக் குடித்தும் அடங்கவில்லை.

பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன். "எனக்கு எப்பம் தைப்பிய?"

ஏட்டையா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "நீரு துணி குடுக்க ஆளுலா? துணி குடுக்கவனுக்குப் போர்வை கிடையாது. வாசுதேவநல்லூர்க்காரரு ஒரு கைக்குட்டை குடுத்திருப்பாரா? குடுத்தவனே போத்திக்கிட்டா அதுக்குப் பேரு தையக்கடை வே."

அடப்பாவி மனுஷா! இத்தனை வருஷமாக அள்ளி அள்ளிக் கொடுத்து என் வாயில் நானே மண்ணைப் போட்டிருக்கிறேன். அன்றோடு நிறுத்தினேன். நூல் மட்டும் கோத்தேன்.

வியாபாரி போர்வை வாங்க வருகிற நாளும் வந்தது. எட்டிப் பார்த்தேன். எல்லாம் முடிந்து நடுவில் ஒரு கட்டம் மட்டும் காலி. ஏட்டையா என் சட்டையையே பார்த்தார். நீலக் கட்டம் போட்டது.

"அந்த நீலந்தான் வே இங்கன உக்காரும்" என்றார்.

"முடியாது."

"கட்டாயமில்ல. குடுக்கலன்னா நீரு போத்துத பக்கம் வந்துருவீரு. அங்கன பாரும், அடுத்த டிசைன். ஒமக்குத்தான்."

வாசலைப் பார்த்தேன். கோலப்பொடியில் புது டிசைன். சாரல் தூறிக்கொண்டுதான் இருந்தது. கரைந்துவிடாமல் மதினி குடை பிடித்து நின்றார். எனக்கான போர்வை! நெஞ்சு குளிர்ந்துவிட்டது. சட்டைப் பொத்தானை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஏட்டையா வேறு துணிகளை அந்தக் கட்டத்தில் வைத்து வைத்துப் பார்த்தார். பச்சை வைத்தார், எடுத்தார். ஐந்தருவிப் பூவை வைத்தார், அதையும் எடுத்தார். எத்தனையோ திருடனை மிரட்டிய மனிதர், கட்டத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. பாழாய்ப்போன எலுமிச்சை வியாபாரி நல்லா இருக்கட்டும் என்று சட்டையைக் கழற்றி அவர் மடியில் போட்டுவிட்டு, பனியனோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மதினி குடையை மடக்கினார். டிசைன் கரைந்து தெருவோடு போனது.

இப்போது ஏட்டையா வேறு டிசைன் போட்டிருக்கிறார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. என்னிடம் வெள்ளைச் சட்டை ஒன்று மிச்சம் இருக்கிறது. கேட்டால் கொடுத்துவிடுவேன். என்னிடம் கேட்காமல் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார் என்றால்தான் எனக்குப் பொறுக்காது.