போட்டுப்பாரு அண்ணனும் நசுங்கிய ரேடியோவும்

எண்பதுகளில் பொம்மிடியில் எங்கள் தெருவுக்கு வந்த எந்தப் புதுச் சாமானும் ‘போட்டுப்பாரு’ அண்ணன் கையிலிருந்து ஒருமுறை கீழே விழாமல் வீட்டுப் படி ஏறியதில்லை. ரயில்வே கேட்டில் வேலை அவருக்கு. நிஜப்பெயர் அவர் சம்சாரத்துக்காவது ஞாபகம் இருந்ததா என்பதே சந்தேகம்.

டார்ச், கைக்கடிகாரம், டிரான்சிஸ்டர், எதுவானாலும் இடுப்பு உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் விடுவார். “கடக்காரன் கேரண்டி எதுக்குங்க? தரை சொல்லட்டும்!” உடைந்து தொலைந்தால், “நல்லவேள, இப்பவே தெரிஞ்சுது பாருங்க” என்று நம்மையே தேற்றுவார். எங்கள் தெரு வாத்தியாரின் புது அலாரக் கடிகாரம் ஒருநாள் விழுந்தது. அதற்கப்புறம் இஷ்டப்பட்ட நேரத்தில்தான் கத்தியது. வாத்தியாருக்குக் கோபமே இல்லை! நசுங்காத சாமானுக்கு எங்கள் தெருவில் மரியாதை கிடையாது.

இந்தக் கூத்தால் என் அக்கா ஸ்டெல்லாவின் கல்யாணமே அந்தரத்தில் தொங்கியது. சீருக்கு அப்பா வாங்கிய புது ரேடியோவை அண்ணன் முறைப்படி போட்டுப் பார்த்தார். மூலை நசுங்கியது, பாட்டு நிற்கவில்லை. அப்பா பூரித்துப்போய், நசுங்கிய மூலை எல்லோருக்கும் தெரியும்படி சீர்த்தட்டில் வைத்தார்.

நிச்சயதார்த்தத்துக்குக் கடத்தூரிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அப்பா குனிந்து பார்த்தார். முகம் கறுத்தது.

“ஏனுங்க, பழைய சாமான எங்க தலையில கட்டறீங்களா? எந்திரிங்கப்பா, வூட்டுக்குப் போலாம்!”

அக்கா கதவோரம் கண்கலங்கி நின்றாள். அண்ணனைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது எனக்கு.

அவரோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “பழசா? நேத்து நாந்தாங்க போட்டேன். போட்டுப் பாக்காத சாமான எங்க தெருவுல பொண்ணுக்குக் குடுக்கறதில்லீங்க!” ரேடியோவைத் திருகிச் செய்தி வைத்தார். தலைக்கு மேல் தூக்கினார். விட்டார்.

டமார்! இன்னொரு மூலையும் போயிற்று. ரேடியோவில் செய்தி வாசித்த பெண்மணி ஒரு சொல்லைக்கூட விழுங்காமல் மழை நிலவரம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா ரேடியோவைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். மெதுவாகத் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றினார்.

“இதையுங் கொஞ்சம் போட்டுப் பாருங்க.”

கடிகாரம் மூன்று துண்டாயிற்று. முதலில் சிரித்தவர் மாப்பிள்ளையின் அப்பாதான். அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் நிச்சயமானது.

அடுத்த வருஷம் அக்கா கைக்குழந்தையோடு வந்தாள். “இந்தாங்கண்ணா, தூக்குங்க” என்று போட்டுப்பாரு அண்ணனிடம் நீட்டினாள். தெருவே பதறியது. அண்ணன் வேட்டியில் கையைத் துடைத்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சுற்றிலும் தலையணை வைக்கச் சொன்னார். அப்புறம்தான் இரண்டு கையையும் நீட்டினார்.