இளவரசரின் இடது முழங்கை

நோர்ஹோல்ம் நாட்டு அரசியின் கணவர் இளவரசர் அஸ்யோர்னுக்கு எழுபது வயது நிறைவதை முன்னிட்டு, அவருடைய பொது வாழ்வையும் தனி வாழ்வையும் காட்டும் புகைப்படக் கண்காட்சி ஒன்றை நடத்த அரண்மனை பெருமகிழ்ச்சியுடன் தீர்மானித்தது. பொறுப்பு, அரண்மனைப் புகைப்படக்காரி சித்சலின் தலையில் விழுந்தது.

பொது வாழ்வில் ஒரு சிறு சிக்கல். இளவரசர் எப்போதும் அரசிக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும் என்பது மரபு. அரசியின் தொப்பிகளோ அகலமானவை. ஆகவே பாலத் திறப்பு விழாப் படத்தில் இளவரசரின் காது இருந்தது. கப்பலுக்குப் பெயர் சூட்டிய படத்தில் இடது முழங்கை. திருமணப் படத்தில், உற்றுப் பார்த்தால், மூக்கு.

"ஏம்மா சித்சல், என் முகம் முழுசா ஒரு படத்துலயும் இல்லையா?"

"தேடிட்டேன் இளவரசே. முழங்கைதான் நல்லா விழுந்திருக்கு."

"ஒண்ணே ஒண்ணு எடுத்து மாட்டிடும்மா. நான் போன பிறகு பேரப்பிள்ளைங்க என்னைத் தேடினா, முழங்கையையா காட்டுவாங்க?"

சித்சலுக்கு மனம் இளகிவிட்டது. சமையலறையில் ஹெர்ரிங் மீன் வறுப்பது இளவரசருக்குப் பிடித்த காரியம். அங்கே தொப்பி வராது என்று நம்பி, கேமராவோடு போனாள்.

சடங்கு அதிகாரி ஹோல்பெக் தன் பரிவாரத்தோடு வந்தார்.

"இளவரசர் தனியா இருக்கார்னு நாங்க எல்லாரும் கூட நின்னு உறுதி பண்ணணும். அரசியார் எங்கம்மா?"

"ஓய்வெடுக்கிறாங்க ஐயா."

"அப்போ இவர் யாருக்குப் பின்னால நிக்கிறார்?"

"யாருக்கும் பின்னால இல்லையே. மீன் வறுக்கிறார்."

"முன்னால யாரும் இல்லேன்னா இவர்தானே முன்னால நிக்கிறார்! நாடு தாங்குமா?"

அடுப்பங்கரையிலேயே ஆலோசனைக் கூட்டம் கூடியது. மீன் கருகி முடிந்தபோது முடிவும் வந்தது: அரசியார் எழுந்தருள இயலாத இடங்களில் அவருடைய தொப்பியே அரசியாராகக் கருதப்படும்.

அடுப்புக்கு முன்னால் ஒரு கம்பத்தில் தொப்பியை மாட்டினார்கள். பிறகு தூண்டில் படகிலும் மாட்டினார்கள். இளவரசர் குளிக்கும் படத்தில் தொப்பி தண்ணீரில் மிதந்தது. உறங்கும் படத்தில் தலையணைக்கு முன்னால் அதுவும் படுத்துக்கொண்டது.

"என் வீட்டு அடுப்படியிலயும் எனக்கு இடமில்லையா ஹோல்பெக்?"

"தாராளமா இருக்கு இளவரசே. பின்னால."

கண்காட்சிக்குக் கூட்டம் அலைமோதியது. பணிவின் பேரழகு என்று பத்திரிகைகள் உருகின. தலைநகரத்துக் கணவன்மாரெல்லாம் மனைவியின் தொப்பிக்குப் பின்னால் ஒளிந்து படம் எடுத்துக்கொண்டார்கள். முழங்கைக்குப் பூசும் பவுடர் கடைகளில் கிடைக்கவில்லை. "எங்க வீட்டுக்காரர் மூக்கே தெரியாது, தெரியுமா?" என்று பெண்கள் பீற்றிக்கொண்டார்கள்.

கடைசி நாள் இளவரசர் கண்காட்சிக் கூடத்துக்குத் தனியாக நடந்தே வந்தார். வாயிற்காவலர் மறித்தார்.

"நான்தாம்பா இளவரசர்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "ஆளைப் பாரு, மூஞ்சியெல்லாம் இருக்கு. இவராம் இளவரசர்!"

இளவரசர் பெருமூச்சு விட்டு, திரும்பி நின்று, இடது முழங்கையைத் தூக்கிக் காட்டினார். கூடமே தலைகுனிந்து வணங்கியது.

சித்சல் கேமராவோடு ஓடிவந்தாள். ஹோல்பெக் இல்லை. கம்பம் இல்லை. ஜன்னல் வெளிச்சம் இளவரசரின் முகத்தில் முழுசாக விழுந்திருந்தது.

"இப்போ எடும்மா, சீக்கிரம்!"

அவள் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். முகம் முழுசாக இருந்தும் படம் வெறிச்சென்று இருந்தது. இடம் மாறி நின்று பார்த்தாள். அப்போதும் வெறிச்சென்றுதான் இருந்தது.

"கோவிச்சுக்காதீங்க இளவரசே, கொஞ்சம் பின்னால போங்க," என்றாள். "யாராவது ஒரு தொப்பி குடுங்களேன்."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கழற்றி நீட்டினார்கள்.