ஃபிராங்க் தெரிவு செய்த மெஷின்

இந்த நியூசிலாந்துக் குளிர்காலம் முடிவதற்குள் என் பியரை நானே காய்ச்சுவது என்று தீர்மானித்தேன். குடிப்பதுகூடப் பெரிதில்லை. ஒக்லாந்து நகரில், ஆல்பனி அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் நரேந்திரனுக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டும். அவன் மலேசியாக்காரன். வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவன். ஒவ்வொரு விருந்துக்கும் இரண்டு போத்தல் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் பொறுக்க முடியாமல், "ஓகஸ்ட் விருந்துக்கு நான் என்ரை கையாலை புளிக்க வைச்சுக் கொண்டுவாறன்" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, கடையில வாங்கி லேபலைக் கிழிச்சிட்டுக் கொண்டாந்துறாதீங்க" என்றான். அதையே இங்கிலீஷிலும் ஒருமுறை சொன்னான். முழு மாடியும் சிரித்தது.

ஆக, மானப் பிரச்சினை. பேச்சு வாங்கியது அலுவலகத்தில். தீர்க்க வேண்டியது வீட்டில். வீட்டிலோ சாமியறை இருக்கிறது. சாமியறைக்கு இந்தப் பக்கம் என் மனைவி ரதிதேவி இருக்கிறாள். இரண்டு பேரில் முருகனையாவது எப்படியும் சமாதானப்படுத்திவிடலாம்.

நியூ லின்னில் நாங்கள் வாங்கியது ஒரு பழைய பலகை வீடு. பின்வளவின் கோடியில் தகரக் கூரை போட்ட கராஜ் ஒன்று தனியாக நிற்கும். அதற்குள் கார் போனதே இல்லை. ரதிதேவியின் அரிசி மூட்டைகளும் கிரைண்டரும் பெரிய ஃபிரீசரும்தான் அங்கே குடியிருந்தன. கூடவே, வீட்டை விற்றவர் விட்டுவிட்டுப் போன பிரம்புக் கதிரை. அவர் பெயர் ஃபிராங்க். நான் ஆளைக் கண்டதில்லை. எல்லாம் ஏஜென்ட்டோடு முடிந்துவிட்டது. எப்போதாவது அவர் பெயருக்குக் கடிதம் வரும். எடுத்து மேசையில் போடுவேன். பிறகு அது எங்கே போகிறது என்று நான் யோசித்ததில்லை.

கராஜிலிருந்து ரதிதேவியைக் கிளப்ப வேண்டும். மூளையைக் கசக்கினேன். அதிலிருந்து ஒரு பேய் வந்தது.

"இஞ்சை பாரும், உம்மட்டைச் சொல்லக்கூடாது எண்டுதான் இருந்தனான்."

"அப்ப சொல்லாதேங்கோ."

"இல்லை, சொல்லத்தான் வேணும். ஃபிராங்க் எங்கை செத்தவர் எண்டு தெரியுமே?"

ரதிதேவி தோசைக்கல்லைத் துடைப்பதை நிறுத்தினாள். "ஃபிராங்க் செத்திட்டாரே?"

"எங்கடை கராஜிலைதான். அந்தப் பிரம்புக் கதிரையிலை இருந்தபடி. கனநாளா ஒருத்தருக்கும் தெரியாதாம்."

"ஆர் சொன்னது?"

"பக்கத்து வளவுக் கிழவர்."

அவள் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஐயோ பாவம், அந்த மனுசன். இனி நான் அந்தப் பக்கம் தலைவைச்சும் படுக்கமாட்டன்."

வெற்றி. ஆனால் அன்றே அதற்கு வரி கட்ட வேண்டியிருந்தது. "இஞ்சேருங்கோ, அரிசி முடிஞ்சுது. போய் எடுத்து வாங்கோ." "உழுந்து ஊறிப்போச்சு. கிரைண்டர் அங்கைதானே." நான்தான் அரைத்தேன். அவள் குசினி வாசலில் நின்று போனில் நடத்தினாள்.

"தண்ணி கூடிப்போச்சு."

"அங்கை நிண்டு உமக்கெப்படித் தெரியும்?"

"சத்தத்திலை தெரியுது."

அரைத்த மாவால் ஒரு பயனும் இல்லை. ஒக்லாந்துக் குளிரில் தோசைமா எழும்பாது. வைத்தது வைத்தபடி கிடக்கும். மூன்று வருஷமாக அவள் அந்தச் சட்டியைச் சால்வையால் சுற்றிப் பார்த்தாள். சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கும் அலுமாரிக்குள் பூட்டியும் பார்த்தாள். மாவைச் சூடாக வைக்க ஏதாவது வாங்குவோம் என்று கேட்டபோதெல்லாம், "தோசையை விட்டிட்டு, நாட்டுக்கு ஏத்த மாதிரிப் பாணைச் சாப்பிடுவம்" என்று நான் அறிவுரை சொல்லியிருந்தேன்.

கராஜ் என் கைக்கு வந்ததும் மெஷின் தேடத் தொடங்கினேன். ஒரே பாத்திரத்தில் தானியத்தை ஊறவைத்துக் கொதிக்கவைக்கிற, பிளக்கைச் சுவரில் செருகினால் வேலை செய்கிற, ஓல்-இன்-வன் மெஷின். மூன்று படங்களை அச்சிட்டுச் சுவரில் குத்தினேன். முதலாவது பிரமாண்டம், கல்யாண வீட்டுக்கே காய்ச்சலாம். இரண்டாவதில் பம்ப் இருந்தது. ஆல்பனியில் இருந்தபடியே போனில் இயக்கலாம். என் மனம் அதில்தான். மூன்றாவது குள்ளம், அகன்ற வாய். காய்ச்சிய பாத்திரத்திலேயே சொன்ன சூட்டில் நாட்கணக்காகப் புளிக்கவும் வைக்குமாம். அதைச் சும்மா கணக்குக்குக் குத்தியிருந்தேன்.

அடுத்த நாள் வேலை முடிந்து வரும்போதே இருட்டிவிட்டது. தகரத்தில் மழை கொட்டியது. கராஜ் விளக்கைப் போட்டேன். கதவைப் பார்த்தபடி நான் விட்டுப்போன பிரம்புக் கதிரை, திரும்பி, மூன்றாவது படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

காற்று என்று சொல்லிக்கொண்டேன். கதவு சாத்தியிருந்தது.

மறுநாள் போனபோது, முதல் இரண்டு படங்களும் சுவரில் இல்லை. கதிரையில் முகம் குப்புறக் கிடந்தன. குத்தூசிகள் அவற்றின்மேல் பக்கத்தில் பக்கத்தில், அழகாக. என் மூச்சு புகையாக வந்தது. அந்தக் குளிருக்குள் இலேசாக வெந்தய வாசம் அடித்தது. வெள்ளைக்காரப் பேய்க்கு எப்படி வெந்தய வாசம் என்று ஒரு கணம் நினைத்தேன். பயந்தவனுக்கு ஒரு கணத்துக்கு மேல் நினைக்க வராது. படங்களைத் திரும்பக் குத்திவிட்டு ஓடினேன்.

"ரதி, அந்தக் கதிரை திரும்பியிருக்குது."

"பின்னை? செத்தவர் எண்டு நீங்கள்தானே சொன்னியள்."

"நான் சும்மா..." என்று தொடங்கி விழுங்கினேன். அதுதான் என்னை வாட்டியது. ஃபிராங்க்கின் சாவு நான் கட்டிய கதை. நான் கட்டிய பேய் எப்படிக் கதிரையைத் திருப்பும்?

"அந்த மனுசனுக்கு என்னவோ ஆசை கிடக்கு" என்றாள் ரதிதேவி, கற்பூரத்தைத் தேடியபடி. "என்னெண்டு கேட்டுச் செய்துபோட்டால் போயிடுவார்."

"ஆர் கேக்கிறது?"

"அவருக்குத் தமிழ் தெரியாது. என்ரை இங்கிலீஷ் உங்களுக்கே விளங்கிறேல்லை. நீங்கள்தான் கேக்க வேணும்."

அடுத்த நாள் மாலை கற்பூரத்தட்டோடு என்னைத் தனியாக அனுப்பினாள். கராஜ் யன்னலில் பனிநீர் படர்ந்திருந்தது. அந்த ஈரத்தில் யாரோ விரலால் 30 என்று எழுதியிருந்தார்கள். பூச்சியத்திலிருந்து ஒரு துளி மெதுவாக இறங்கியது. கற்பூரத்தட்டை ஃபிரீசரின்மேல் வைத்தேன்.

"எக்ஸ்கியூஸ் மீ, ஃபிராங்க்" என்றேன் கதிரையிடம். செத்தவரானாலும் மரியாதை வேண்டுமே. முதலாவது படத்தில் கையை வைத்தேன். ஒன்றுமில்லை. இவ்வளவு நேரமும் உறுமிய ஃபிரீசர் சட்டென்று நின்றது. இரண்டாவதில் வைத்தேன். மழை மட்டும். மூன்றாவதில் வைத்தேன்.

டொக். டொக். டொக்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. சரியாக என் உள்ளங்கைக்கு. கதவைத் திறக்கத் தெரியாமல் கொஞ்சநேரம் மல்லாடி, ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டுக் குசினிக்குள் வந்து விழுந்தேன். ரதிதேவி சொதி கிண்டிக்கொண்டிருந்தாள். தலை நனைந்திருந்தது.

"குளிச்சனான்" என்றாள். நான் கேட்கவில்லை. "என்னவாம் ஃபிராங்க்?"

"மூண்டாவதை வாங்கட்டாம்."

"எதின்ரை மூண்டாவது?"

"அது... கராஜுக்கு ஒரு ஹீட்டர்."

"அப்ப உடனை வாங்குங்கோ. செத்தவையோடை விளையாடக்கூடாது."

அங்கேயே நின்று போனில் ஓடர் கொடுத்தேன். மெஷின் வந்து இறங்கிய நாளோடு எல்லாம் அடங்கியது. கதிரை திரும்பவில்லை. சுவர் தட்டவில்லை. ஃபிராங்க் சாந்தியடைந்துவிட்டார் என்று நினைத்தேன். சனிக்கிழமை காலையில் நகரின் மறுகோடியில் இருக்கும் ஒடாஹுஹு வரை போய் முளைகட்டிய பார்லியும் ஈஸ்ட்டும் வாங்கிக்கொண்டு, சீட்டியடித்தபடி கராஜைத் திறந்தேன்.

மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் அதை இன்னும் செருகவே இல்லை.

கிட்டப் போனேன். அதன் மேற்பக்கம் இளஞ்சூடாக இருந்தது, காய்ச்சல்காரனின் நெற்றி போல. சின்னத் திரையில் 30. உள்ளே என்னவோ மெல்ல 'ப்ளப்' என்றது. மூடி தானாக ஒரு பக்கம் உயர்ந்தது. திறந்தேன். வெள்ளையாக ஒன்று, மூச்சு விட்டபடி, விளிம்பைத் தாண்டி ஏறி என் கையைத் தொட்டது.

"ஃபிராங்க்!" என்று அலறினேன்.

"யெஸ், மேட்?" என்றது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

வாசலில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நின்றார். தலை வெள்ளை, முகமும் வெள்ளை. நான் அரிசி மூட்டையின்மேல் போய் விழுந்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய், பழகிய ஆள் மாதிரி அந்தப் பிரம்புக் கதிரையில் அமர்ந்தார். பின்னாலேயே ரதிதேவி வந்தாள். கையில் அகப்பை.

"பயப்பிடாதேங்கோ. உயிரோடைதான் இருக்கிறார். மாசாமாசம் கடிதம் எடுக்க வாறவர், நீங்கள் வேலைக்குப் போன நேரம். இண்டைக்கு நான்தான் தோசைக்கு வரச்சொன்னனான்."

"அப்ப உமக்கு முதலே தெரியுமே?"

"எது? ஃபிராங்க் உயிரோடை இருக்கிறதோ, நீங்கள் பியர் மெஷின் பாத்ததோ?"

"ரெண்டும்."

"ரெண்டும்."

"அந்தத் தட்டினது?"

அவள் யன்னலைக் கண்ணால் காட்டிவிட்டு, அகப்பையால் சுவரில் மூன்று தரம் தட்டினாள். அதே சத்தம்.

"என்னைப் பேய்க்காட்டிப்போட்டீர்!"

"முதல்லை காட்டினது ஆர்?" அவள் மாவை ஒரு கிண்டு கிண்டினாள். மூன்று குளிர்காலமாக நான் காணாத சந்தோஷம் அந்த முகத்தில். "முதலாவது படத்திலை இருந்ததுக்கை உங்களையே அவிக்கலாம். ரெண்டாவதின்ரை பம்ப்புக்கை உழுந்து போய் அடைச்சுப்போடும். வாய் அகலம், முப்பது டிகிரியிலை அசையாமல் நிக்கும், கழுவச் சுகம். எல்லாம் பாத்தால் இது ஒண்டுதான்."

உண்மையைச் சொல்கிறேன். நான் இரவும் பகலும் படித்தும் இவ்வளவு தெளிவாக எனக்கு விளங்கியிருக்கவில்லை.

"சரி, நான் எப்ப பியர் காய்ச்சிறது?"

"மா இல்லாத நாளிலை."

"அது எந்த நாள்?"

"உழுந்து அரைக்கிறது நீங்கள்தானே? உங்களுக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, ஃபிராங்க்குக்குத் தோசை ஊற்றப் போனாள். அவர் என்னைப் பார்த்து, அடுத்த சனிக்கிழமை இட்லியாமே என்று விசாரித்தார்.

ஓகஸ்ட் விருந்து வந்தது. நரேந்திரன் வெறும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, முழு மாடியையும் கூட்டி நின்றான். நான் சொன்ன சொல் தவறவில்லை. என் கையால் அரைத்து, என் மெஷினில் புளிக்க வைத்ததை அவன் முன்னால் திறந்து வைத்தேன். ரதிதேவி கட்டித் தந்த தேங்காய்ச் சம்பலையும் பக்கத்தில் வைத்தேன்.