முகவரி மாறியவரின் நடைவண்டி

விதி இதுதான்: அரசு இரவலாகக் கொடுத்த உதவிச் சாதனத்தை, பாவித்தவருக்கு அதன் தேவை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், அவர் இறந்த பின்னும் அவருடைய சொத்திலிருந்து பெறுமதியைக் கேட்கலாம். இந்த விதி மேலுலகம் வரை செல்லுமா என்று எழுத்தில் கேட்ட மனிதர், ஒஸ்லோவில் என்ன, இந்தப் பூமியிலேயே ஸ்கிஃப்தே அண்ணை ஒருவர்தான்.

ஸ்கிஃப்தே என்றால் நோர்வே மொழியில், இறந்தவரின் சொத்தையும் கடனையும் தீர்த்து முடிக்கும் வேலை. செத்தவீட்டுக்கு வரும் கடிதங்களுக்கெல்லாம் கூலி வாங்காமல் மறுமொழி எழுதியே அந்தப் பெயரைச் சம்பாதித்தார். ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில் அவரைக் கண்டால் எங்கள் ஆட்கள் இருமலை விழுங்கிக்கொள்வார்கள். லில்லெஸ்ட்ரோமில் ஒருவர் காய்ச்சலாகக் கிடந்தபோது, "சும்மா சுகம் விசாரிக்க வந்தனான்" என்று கடிதக் கோவையும் கையுமாகப் போய் நின்றார். நோயாளி அன்றே எழும்பி வேலைக்குப் போய்விட்டார்.

நான் அந்தக் கடிதங்களை அனுப்பும் அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் அவருக்கு நான் நிரந்தர எதிர்க்கட்சி.

ஸ்டோவ்னர் ராசமக்காவின் கணவர் பாரிசவாதத்தில் விழுந்து, நான்கு வருடம் அரசு கொடுத்த சக்கர நடைவண்டியைப் பிடித்தே நடந்தார். பிறகு நடக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையில், போனவரின் வழிக்கென்று குடை, செருப்பு, பாய், ஊன்றுகோல் எல்லாம் ஐயருக்குத் தானம் கொடுப்பது எங்கள் வழக்கம். வீட்டில் ஊன்றுகோல் இல்லை. ராசமக்கா நடைவண்டியைக் கொடுத்தார். ஐயரும் மந்திரம் சொல்லி வாங்கி, தானத்து அரிசியை அதன் கூடையிலேயே ஏற்றி, சுரங்க ரயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. நடைவண்டி எங்கே?

நடைமுறை தெரிந்த நான் சொன்னேன்: "அக்கா, ஐயரிட்டைத் திருப்பி வாங்குங்கோ. இல்லாட்டிக் காசைக் கட்டுங்கோ. விசயம் முடிஞ்சுது."

ராசமக்கா அழுதார். "காசு கிடக்கட்டும் தம்பி. திருப்பி வாங்கினால் அந்த மனுசன் அங்கை என்னத்தைப் பிடிச்சு நடக்கும்?"

"காசும் கட்டேலாது," என்றார் ஸ்கிஃப்தே அண்ணை. "பிறகு கட்டினாலும், குடுத்த அண்டைக்கு அது அரசாங்கத்தின்ரை சாமான். அடுத்தவன்ரை சாமானைக் குடுத்தால் தானமோ? குடுத்தது சரி எண்டு அரசாங்கமே எழுதவேணும்."

"என்ன விசர்க்கதை அண்ணை!"

"நீர் சும்மா இரும், ஐசே."

எழுதினார். "விதி, தேவை முடிந்ததும் திருப்பச் சொல்கிறது. தேவை முடியவில்லை. பாவிப்பவர் முகவரி மாறியிருக்கிறார். நடைவண்டி அவருடன் இருக்கிறது. தங்கள் சம்மதத்தை எழுத்தில் அறியத் தரவும்." குங்குமக் கறையோடு ஐயரின் பற்றுச்சீட்டும் இணைப்பு.

"உம்மடை ஆக்கள் என்ன செய்வினம்?" என்று கேட்டார்.

"சிரிப்பினம்."

"சிரிக்கட்டும். சிரிச்சவன் அந்தக் கடிதத்தை எறியமாட்டான்."

மாதங்கள் போயின. நினைவூட்டல் மூன்று அனுப்பினார். நான்காவதை எழுதுவதற்குள் நுரையீரல் அவரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தது. ராசமக்கா தினமும் கஞ்சி கொண்டுபோனார். கடிதத்தைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. அண்ணைதான் அவரைக் கண்டதும், "மறுமொழி வந்ததோ?" என்பார்.

"டொக்டர் என்ன சொன்னவர் அண்ணை?" என்று நான் கேட்டேன்.

"அவர் கெதியாச் சொல்லிப்போட்டார். உம்மடை கந்தோர்தான் இழுக்குது."

இங்கே அண்ணைக்கு உறவென்று யாரும் இல்லை. அவர் போனபின் அவருடைய ஸ்கிஃப்தேயை நானே செய்தேன். இரண்டு சேர்ட், ஒரு குளிர் அங்கி, மற்றவர்களின் சாவுகள் அடங்கிய பதினொரு கோவைகள். ஒருவரும் எதுவும் கோரவில்லை. என் உத்தியோக காலத்தில் இவ்வளவு சுத்தமான முடிவை நான் கண்டதில்லை. அதைச் சொல்லிச் சண்டை பிடிக்க ஆள் இல்லை.

அண்ணையின் அந்தியேட்டியில் ஐயர் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். குடை, செருப்பு, பாய் எல்லாம் வாங்கினார். "வேறை ஏதும் உண்டோ?"

நான் என் அங்கிப் பையிலிருந்து மறுமொழிக் கடிதத்தை எடுத்து ராசமக்காவுக்கு வாசித்தேன். நடைவண்டியைத் திருப்பத் தேவையில்லை. இறந்தவரின் சொத்தின்மேல் கோரிக்கை எதுவும் இல்லை. சாதனம் தொடர்ந்து அவருடனேயே இருக்கலாம்.

"இன்னொருக்கா வாசி தம்பி," என்றார் ராசமக்கா. வாசித்தேன்.

பிறகு அதை அண்ணையின் பழைய கோவையில் வைத்து, ஒரு பேனாவும் செருகி, ஐயரிடம் தானமாகக் கொடுத்தேன். பிரதியை வைத்துக்கொண்டு மூலத்தைக் கொடுத்துவிடுவது எந்த நடைமுறையிலும் இல்லை. ஆனால் பிரதியைக் காட்டினால் அண்ணை நம்பமாட்டார்.

மறுமொழி வந்த திகதி: அவர் போய் முப்பத்தோராம் நாள், காலைத் தபாலில்.